இலிதியக் கலவடுக்கின் இறக்க எல்லை

யாழ்ப்பாணத்துக் கிணறுகளைப் பற்றி நம் முன்னோர் நன்கறிந்த உண்மையொன்றுண்டு. சுண்ணக்கற் பாறையின் இடுக்குகளிலே தங்கும் நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. அளவோடு இறைப்பின் கிணறு ஊறிக்கொண்டேயிருக்கும். அளவு கடந்து இறைப்பின் உவர் மேலெழுந்து கிணற்றையே கெடுத்துவிடும். அவ்வாறு கெட்ட கிணற்றை மீட்டெடுத்தல் எளிதன்று.

மாதிரி மோட்டர் வண்டிகளிலும் படகுகளிலும் வானூர்திகளிலும் இக்காலத்து மாணவர் பயன்படுத்தும் இலிதிய மின்கலத்தின் இயல்பும் ஏறக்குறைய இத்தகையதே. அதிலிருந்து எவ்வளவு மின்னைப் பெறலாம் என்பதினும், எவ்விடத்தில் நிறுத்துதல் வேண்டும் என்பதே முதற்கண் அறியத்தக்கது. அவ்வெல்லை யாது, அஃது ஏன் ஏற்பட்டது, அதனைத் தாண்டியபின் கலத்தினுள்ளே நிகழ்வது யாது என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய்வாம்.

பழைய வழக்கமும் புதிய கலமும்

வானொலி அலைகளால் ஆளப்படும் மாதிரி வானூர்தியை மின்மோட்டரின் வலியாற் பறக்கவிடும் முயற்சி புதியதன்று. 1957ஆம் ஆண்டு யூன் மாதம் 30ஆந் திகதி, பிரித்தானியரான கேணல் தப்ளின் என்பார் ‘றேடியோ குயீன்’ என்னும் மாதிரி வானூர்தியை வெள்ளி–நாகக் கலவடுக்கின் துணைகொண்டு பறக்கவிட்டார். வெள்ளிக் கலங்கள் விலையுயர்ந்தவை. ஆதலாற் பின்வந்தோர் நிக்கற்–கடமியக் கலங்களையே பெரிதும் நாடினர். இக்கலம் ஒவ்வொன்றும் 1.2 உவோற்று அளவினது; பாரமானது; ஆயினும் பொறுமை மிக்கது. அதனை இடையிடையே முற்றாக வெறுமையாக்கிப் பின்னர் மின்னேற்றுதல் நன்றென்று கைந்நூல்கள் கூறின. வெறுமையாக்கியே சேமித்து வைத்தலும் வழக்கமாயிருந்தது.

இலிதியக் கலத்தின் வரலாறு வேறு. 1980ஆம் ஆண்டு ஒக்சுபோட்டுப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய யோன் குடினவ், இலிதியக் கோபாற்று ஒட்சைட்டு சிறந்ததொரு நேர்மின்வாய்ப் பொருளாகும் எனக் காட்டினார். 1985இல் யப்பானியரான அக்கிரா யொசினோ, எதிர்மின்வாயாகக் கரியைப் பயன்படுத்திப் பாதுகாப்பான கலமொன்றை ஆக்கினார். 1991இற் சோனி நிறுவனம் அதனை விற்பனைக்குக் கொணர்ந்தது. இவ்விருவருக்கும், இவர்களுக்கு முன்னரே இத்துறைக்கு அடிகோலிய இசுற்றான்லி விற்றிங்காமுக்கும் 2019ஆம் ஆண்டிற்குரிய இரசாயனவியல் நோபெற் பரிசு வழங்கப்பட்டது.

ஒரே நிறையுள்ள நிக்கற் கலத்தோடு ஒப்பிடுமிடத்து இலிதியக் கலம் பன்மடங்கு சத்தியைத் தாங்க வல்லது. எனவே மாதிரி ஊர்தி ஆர்வலர் அதனை விரைந்து கைக்கொண்டனர். ஆயின், கலம் மாறியபோதும் கையாளும் பழக்கம் பலரிடத்து மாறவில்லை. மோட்டர் நிற்கும்வரை ஓட்டுதல், வெறுங்கலத்தைப் பெட்டியிலிட்டு மாதக்கணக்கில் மறத்தல் என்னும் பழைய பழக்கங்கள் நிக்கற்–கடமியக் கலத்துக்குத் தீங்கு செய்யவில்லை. இலிதியக் கலத்துக்கோ அவையே முடிவாயமைகின்றன.

கலத்தின் அமைப்பு

மாதிரி ஊர்திகளிற் பெரும்பாலும் காணப்படுவது ‘லைப்போ’ என வழங்கும் இலிதியப் பல்பகுதியக் கலமாகும். மெல்லிய அலுமினியத் தாளின்மேற் பூசிய இலிதியக் கோபாற்று ஒட்சைட்டோ அதனை ஒத்த சேர்வையோ நேர்மின்வாயாகும். மெல்லிய செப்புத் தாளின்மேற் பூசிய காரீயம் எதிர்மின்வாயாகும். போகலைச் சுரங்கத்தில் அகழ்ந்தெடுக்கப்படும் கரிவகையும் இக்காரீயமே. இரண்டுக்குமிடையே நுண்டுளைகளையுடைய பிரிதாளொன்றுண்டு. இலிதிய உப்பைக் கரைத்துவைத்த சேதனக் கரைப்பான் இவையனைத்தையும் நனைத்து நிற்கும். அக்கரைப்பான் தீப்பற்றக்கூடியது என்பதை ஈண்டு நினைவிற் கொள்க. இவை யாவும் வன்மையான கூட்டினுள் அன்றி, மென்மையான பையொன்றினுள்ளே அடைக்கப்பட்டுள்ளன.

மின்னேற்றும்போது இலிதிய அயன்கள் நேர்மின்வாயிலிருந்து புறப்பட்டுக் காரீயத்தின் படைகளுக்கிடையே குடிபுகுகின்றன. மின்னிறங்கும்போது அவை திரும்பிச் செல்ல, இலத்திரன்கள் புறச்சுற்றின் வழியாக மோட்டரைச் சுழற்றிக்கொண்டு செல்கின்றன. நாம் உவோற்றுமானியால் அளப்பது இரு மின்வாய்களின் அழுத்தங்களுக்கிடையேயுள்ள வித்தியாசமே. முற்றாக மின்னேற்றிய கலத்தில் அது 4.2 உவோற்று ஆகும். 3.7 உவோற்று என உறையிற் பொறிக்கப்படுவது சராசரி அளவாகும்.

எல்லையை அறிவதில் உள்ள இடர்ப்பாடு இவ்விடத்திலேதான் தோன்றுகின்றது. கலத்தின் உவோற்றளவு அதிலுள்ள மின்னின் அளவுக்கு நேர்விகிதசமமாகக் குறைவதில்லை. 4.2 இலிருந்து 3.9 வரை ஓரளவு விரைவாக இறங்கும். பின்னர் 3.9 தொடக்கம் 3.7 வரையுள்ள குறுகிய இடைவெளியிலேயே கலத்தின் கொள்ளளவிற் பாதிக்கு மேற்பட்ட பகுதி வெளிப்படும். 3.5 உவோற்றுக்குக் கீழே எஞ்சுவது மிகச் சிறிதளவே; அதன்பின் உவோற்றளவு மலைச்சரிவிலிருந்து விழுவதுபோல வீழும். நெடுந்தூரம் சமதரையாகச் சென்று திடீரெனக் கிடங்கில் முடியும் பாதைக்கு இதனை ஒப்பிடலாம். வேகம் குறைவதை உணர்ந்தபின் நிறுத்த எண்ணுபவன் கிடங்கின் விளிம்பைக் கடந்திருப்பான்.

எண்களும் அவற்றின் பொருளும்

லைப்போ கலம் ஒன்றினை எந்நிலையிலும் 3.0 உவோற்றுக்குக் கீழே இறங்கவிடலாகாது என்பது பொதுவிதி. ஆயினும் 3.0 என்பது சென்று சேரவேண்டிய இடமன்று, தீண்டலாகாத எல்லையே. நடைமுறையிற் கொள்ளத்தக்க விதி வேறொன்று: கொள்ளளவின் ஐந்தில் நான்கு பங்கை மாத்திரம் பயன்படுத்துக, ஒரு பங்கை எஞ்சவிடுக. அவ்வாறு நிறுத்திய கலத்தைச் சற்றுநேரம் ஓய்வாக வைத்து அளப்பின் ஏறக்குறைய 3.7 உவோற்றுக் காட்டும்.

எல்லா இலிதியக் கலங்களுக்கும் ஒரே எண் பொருந்தாது. 1997இற் குடினவும் அவர்தம் உடனாய்வாளரும் அறிமுகஞ் செய்த இலிதிய இரும்புப் பொசுபேற்றுக் கலத்தின் சராசரி அளவு 3.2 உவோற்றே, நிறைந்த நிலையில் 3.6 அளவிலும், இறக்கத்தின் முடிவில் 2.5 அளவிலும் நிற்கும். லைப்போவுக்குரிய எல்லையை இதற்கு விதித்தால் உரிய காலத்துக்கு முன்னரே ஊர்தி நின்றுவிடும். அதனால் நட்டமேயன்றிக் கேடில்லை. இதற்குரிய 2.5 உவோற்றை லைப்போவுக்கு விதித்தாலோ அக்கலம் கெடும். ஆகவே உறையில் எழுதப்பட்ட கலவகையைப் படித்தறிந்த பின்னரே எல்லையைக் குறித்தல் வேண்டும்.

இனி, ஓய்வில் அளந்த உவோற்றளவும் ஓட்டத்தில் அளந்த உவோற்றளவும் ஒன்றல்ல. கலத்துக்கு அகத்தடை உண்டு. ஓமின் விதிப்படி மின்னோட்டத்தை அகத்தடையாற் பெருக்க வரும் அளவு உள்ளேயே இழக்கப்படும். கலமொன்றின் அகத்தடை 5 மில்லியோம் எனக் கொள்வோம். 40 அம்பியர் ஓடும்போது இழப்பு 0.2 உவோற்று. அப்போது மானி 3.2 காட்டினால், கலத்தின் உண்மை நிலை 3.4 ஆகும். பழைய கலமொன்றின் அகத்தடை 15 மில்லியோம் எனின் இழப்பு 0.6 உவோற்று. அதே 3.2 இப்போது 3.8ஐக் குறிக்கும், கலத்தில் மின் இன்னும் பெருமளவு எஞ்சியிருக்கும். மாறாக, 2 அம்பியர் மாத்திரம் பெற்று மெல்ல ஓடும் படகொன்றில் இழப்பு 0.01 உவோற்றே. அங்கே மானி காட்டும் 3.2 உண்மையாகவே 3.21தான், கலம் ஏறக்குறைய வெறுமையுற்றுவிட்டது.

இக்கணக்கிலிருந்து பெறப்படும் முடிவு பலரும் எண்ணுவதற்கு மாறானது. ஒரே துண்டிப்பு எல்லையை விதித்தவிடத்து, சீறிப்பாயும் பந்தய வண்டியினும் மெல்ல ஊரும் வண்டியே தன் கலவடுக்கை ஆழமாக வற்றச் செய்கின்றது. ஆதலின் பெருமின்னோட்டம் பெறும் ஊர்திக்குக் கலமொன்றுக்கு 3.2 உவோற்றைத் துண்டிப்பு எல்லையாக வைத்தல் போதுமாயினும், சிறுமின்னோட்டம் பெறும் ஊர்திக்கு 3.5 அளவில் வைத்தலே தக்கது.

அடுக்கை அன்று, கலத்தை நோக்குக

கலங்கள் தொடராக இணைக்கப்பட்டு அடுக்காகின்றன. மாதிரி வானூர்திகளிற் பரவலாகக் காணப்படும் மூன்று கல அடுக்கை எடுத்துக்கொள்வோம். அதன் சராசரி அளவு 11.1 உவோற்று, கொள்ளளவு 2200 மில்லியம்பியர் மணி. ஓட்டத்தின் பின் மாணவன் ஒருவன் இரு முனைகளுக்கிடையே அளந்து 10.2 உவோற்றுக் கண்டு, கலமொன்றுக்கு 3.4 எனக் கணித்து ஆறுதலடையக்கூடும். ஆனால் அந்த 10.2, இரு கலங்கள் 3.7 ஆகவும் ஒன்று 2.8 ஆகவும் நிற்பதாலும் வரலாம். கூட்டுத்தொகை உண்மையைச் சொல்லிற்று. ஆயின் உண்மை முழுவதையும் சொல்லிற்றில்லை.

தொடராக இணைந்த கலங்கள் யாவற்றினூடும் ஒரே மின்னோட்டமே செல்லும். அவற்றுள் ஒன்று முதுமையாற் கொள்ளளவு குன்றி 1900 மில்லியம்பியர் மணியையே தாங்குமாயின், ஏனைய இரண்டிலும் மின் எஞ்சியிருக்கையிலேயே அஃது வற்றிவிடும். அதன்பின்னும் ஓட்டம் தொடரின், வலிய கலங்கள் தம் மின்னோட்டத்தை அந்நலிந்த கலத்தினூடு வலிந்து செலுத்தும்; அதன் உவோற்றளவு பூச்சியத்தைக் கடந்து எதிர்த்திசையிற் புரளவும் கூடும். அடுக்கின் எல்லையை வகுப்பது அதன் மிக நலிந்த கலமேயாம்.

வேகக் கட்டுப்படுத்திகள் பலவற்றில் உவோற்றளவு குறையுமிடத்து மோட்டரைத் துண்டிக்கும் ஏற்பாடுண்டு. அதனை முற்றாக நம்புதல் தகாது. அது பெரும்பாலும் அடுக்கின் மொத்த உவோற்றளவையே நோக்குகின்றது. அன்றியும், இணைத்தவுடன் காணும் உவோற்றளவைக்கொண்டே கலங்களின் தொகையை அது ஊகிப்பதுண்டு. நான்கு கல அடுக்கொன்றை, முன்னரே பயன்படுத்தி 12.4 உவோற்றுக்கு இறங்கிய நிலையில் மறதியாக இணைத்தோமாயின், கட்டுப்படுத்தி அதனை நன்கு மின்னேற்றிய மூன்று கல அடுக்கெனக் கொள்ளும். கலமொன்றுக்கு 3.2 வீதம் 9.6 உவோற்றிலே துண்டிக்கவும் காத்திருக்கும். உண்மையில் நான்கு கலங்களும் அப்போது 2.4 உவோற்றில் நிற்கும்.

இதற்குப் பரிகாரம் அடுக்கிலேயே உண்டு. தடித்த இரு கம்பிகளைத் தவிர, கலங்களின் சந்திகளிலிருந்து வரும் மெல்லிய கம்பிகளின் தொகுதியொன்று ஒவ்வோர் அடுக்கிலும் உளது. மூன்று கல அடுக்காயின் நான்கு கம்பிகள். மின்னேற்றும்போது கலங்களைச் சமப்படுத்த அமைந்த இவ்விணைப்பிலே சிறிய உவோற்றுமானியொன்றைப் பொருத்தின், ஒவ்வொரு கலத்தின் நிலையும் தனித்தனியே தெரியும். எக்கலமேனும் குறித்த எல்லையை அடைந்தவுடன் உரத்து ஒலிக்கும் அறிவிப்பானும் உண்டு. நான்கு சுழலிகளையுடைய ஆளில் வானூர்திக்கு இது இன்றியமையாதது. இறகுள்ள வானூர்தி மோட்டர் நின்றபின்னும் மிதந்து இறங்கும். சுழலிகளால் மாத்திரம் நிற்பதோ கல்லென வீழும். அங்கே மோட்டரைத் துண்டித்துக் கலத்தைக் காத்தல் கீழே நிற்பவர் தலைக்கு இடராகும். ஆதலின் எச்சரிக்கையே காவல்.

எல்லைக்கு அப்பால்

எல்லையைக் கடந்தால் நிகழ்வது யாது? நிறைந்த கலத்திற் காரீய மின்வாயின் அழுத்தம், இலிதிய உலோகத்தோடு ஒப்பிடுமிடத்து, 0.1 உவோற்று அளவிலேயே நிற்கும். அதனுள்ளிருந்த இலிதியம் தீர்ந்துபோக அவ்வழுத்தம் விரைந்து உயர்கின்றது. முதலிற் காரீயத்தின் மேற்பரப்பைப் போர்த்திக் காக்கும் மெல்லிய படலம் சிதைகின்றது. அச்சிதைவாலும் அதனைத் தொடரும் தாக்கங்களாலும் வாயுக்கள் தோன்றுகின்றன, பை வீங்குகின்றது. கலத்தின் உவோற்றளவு பூச்சியத்தை அணுகும்போது காரீய மின்வாயின் அழுத்தம் ஏறக்குறைய 3.5 உவோற்றை எட்டும். அவ்வழுத்தத்தில் அதனைத் தாங்கிநிற்கும் செப்புத் தாளே கரையத் தொடங்குகின்றது.

கேடு இத்துடன் முடிந்தால் ஒரு கலம் போயிற்று என அமையலாம். பேரிடர் அடுத்த மின்னேற்றத்திலேதான் உள்ளது. கரைந்த செப்பு, மின்னேற்றும்போது மீண்டும் உலோகமாகப் படிகின்றது. ஆனால் முன்னிருந்த இடத்திற் சீராகப் படிவதில்லை. ஊசிபோலவும் கிளைபோலவும் வளர்ந்து பிரிதாளை ஊடுருவி, இரு மின்வாய்களையும் உள்ளேயே தொடுத்துக் குறுஞ்சுற்றை உண்டாக்கக்கூடும். குறுஞ்சுற்றால் வெப்பமும், வெப்பத்தால் மேலும் தாக்கமும் விளைய, தீப்பற்றும் கரைப்பான் எரிகின்றது. இதுபற்றியே நல்ல மின்னேற்றிகள் மிகத் தாழ்ந்த கலத்தை ஏற்க மறுக்கின்றன. அம்மறுப்பைக் குறையெனக் கருதி, நிக்கற் கலத்துக்குரிய முறையை மின்னேற்றியிலே தெரிந்து, இலிதியக் கலத்தை ஏமாற்றி ஏற்ற முயல்வோர் உளர். காவலாளியைக் கட்டிவைத்துவிட்டுக் கதவைத் திறப்பது போன்றது அச்செயல்.

ஓட்டத்தின்போது ஒரு கணம் 3.0க்குக் கீழே தாழ்ந்து, ஓய்வில் 3.5க்கு மேல் மீண்ட கலத்தைப்பற்றிப் பெரிதும் அஞ்சவேண்டுவதில்லை. ஆனால் 2.5க்குக் கீழே நாட்கணக்கில் நின்ற கலமும், பூச்சியத்தை அணுகிய கலமும், வீங்கிய கலமும் மீட்கத்தக்கன அல்ல. அவற்றை வெளியிடத்திலே சிறிய மின்விளக்கொன்றோடு இணைத்து முற்றாக வற்றவிட்டு, முனைகளை ஒட்டுநாடாவாற் பொதிந்து, கழிவு மின்கலங்களைச் சேர்க்குமிடத்திற் கொடுத்தல் வேண்டும். பயன்பாட்டில் உள்ள கலத்துக்கு நஞ்சாகும் முழுவெறுமை, கைவிடும் கலத்துக்கு மாத்திரம் காப்பாகின்றது. மீண்டும் அதனை ஏற்றாதவிடத்தே அக்காப்பு நிலைக்கும்.

மறைவில் நிகழும் இறக்கம்

கலங்கள் ஓட்டத்தின்போது மாத்திரமன்றி அலுமாரியினுள்ளும் கெடுகின்றன. வேகக் கட்டுப்படுத்தியின் ஆளியை மூடிவிட்டோம். ஆயின் அடுக்கின் இணைப்பைக் கழற்றவில்லை எனக் கொள்வோம். பல கட்டுப்படுத்திகள் ஆளி மூடிய நிலையிலும் சிறிது மின்னை உறிஞ்சுகின்றன. அது 10 மில்லியம்பியர் எனின் நாளொன்றுக்கு 240 மில்லியம்பியர் மணி ஆகும். 2200 கொள்ளளவில் ஐந்திலொரு பங்காக நாம் எஞ்சவிட்ட 440 மில்லியம்பியர் மணி இரண்டு நாட்களுக்குள் முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை மாலை முறைப்படி நிறுத்திய அடுக்கு திங்கட்கிழமை காலையில் வீங்கிக் கிடப்பதன் காரணம் இதுவே. ஓட்டம் முடிந்தவுடன் இணைப்பைக் கழற்றுதல் எல்லா விதிகளினும் எளிதும் முதன்மையானதுமாகும்.

சேமித்து வைக்கும்போது கலம் வெறுமையாகவும் இருத்தலாகாது, நிறைந்தும் இருத்தலாகாது. நிறைந்த கலம், சிறப்பாக நம் நாட்டைப் போன்ற வெப்ப நாடுகளில், விரைவில் மூப்படையும். கலமொன்றுக்கு 3.8 உவோற்று அளவில், பாதியளவு மின்னோடு, குளிர்ந்த இடத்தில் வைத்தலே நன்று. தனியே பொதிந்த இலிதிய அயன் கலங்களை வானூர்திச் சரக்காக அனுப்பும்போது கொள்ளளவின் 30 சதவீதத்துக்கு மேற்படாமல் மின்னிருத்தல் வேண்டும் என 2016ஆம் ஆண்டு ஏப்பிரில் முதலாக விதிக்கப்பட்டுள்ளது. அவ்விதி வகுத்தோரும் முழு வெறுமையைக் கோரவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

கணித்து நிறுத்தும் முறை

மானியும் அறிவிப்பானும் இருப்பினும், காலத்தைக் கணித்து நிறுத்தும் பயிற்சியே மாணவர்க்கு ஏற்றது. புதிய அடுக்கை நிறைய மின்னேற்றி, 5 நிமிடம் மாத்திரம் வழக்கம்போல ஓட்டுக. பின்னர் மீண்டும் மின்னேற்றி, எவ்வளவு உட்சென்றது என மின்னேற்றியின் முகப்பிற் பார்க்க. இலிதியக் கலத்தில் உட்செல்லும் மின்னும் வெளிவரும் மின்னும் ஏறக்குறையச் சமமாதலின், அவ்வெண்ணே செலவின் அளவாகும். 2200 கொள்ளளவுள்ள அடுக்கில் 1100 மில்லியம்பியர் மணி உட்சென்றதாயின், நிமிடமொன்றுக்குச் செலவு 220. கொள்ளளவின் ஐந்தில் நான்கு பங்கு 1760; அதனை 220 ஆற் பிரிக்க 8 வரும். எனவே 8 நிமிடமே அவ்வூர்தியின் ஓட்டக்காலம். அடுக்கு மூப்படைய இக்கணக்கை மீண்டும் செய்தல் வேண்டும். ஒவ்வொரு கலத்தின் உவோற்றளவையும் ஓட்டத்தின் பின் குறிப்பேட்டில் எழுதிவரின், நலிந்து வரும் கலம் கெடுமுன்னரே தன்னைக் காட்டிக்கொடுக்கும். மின்னேற்றும்போது தீப்பற்றாத தளத்தின்மேல் வைத்து, ஏற்றி முடியும்வரை அருகிருந்து பார்த்தலும் ஒழுங்கின் ஒரு பகுதியே.

ஆய்வுகூடத்திலே ஓமின் விதியும், தொடரிணைப்பும், மின்வாய் அழுத்தமும் மாணவர்க்குத் தனித்தனிப் பாடங்களாகக் கற்பிக்கப்படுகின்றன. அம்மூன்றும் ஒருங்கே கூடி, ஒரு பொருள் நிலைப்பதையும் எரிவதையும் தீர்மானிக்கும் இடம் இச்சிறிய கலவடுக்கு. கலத்தின் உள்ளிருப்பதைக் கண்ணாற் காண்பதற்கில்லை. கிணற்றடியில் உவர் எங்கு நிற்கின்றதென இறைப்பவனும் கண்டானில்லை. நீர் இன்னும் வருகின்றதே என்று இறைத்தவன் கிணற்றை இழந்தான். மோட்டர் இன்னும் சுழல்கின்றதே என்று ஓட்டுபவன் கலத்தை இழப்பான். ஓட்டத்தைத் தொடங்குமுன்னரே நிறுத்துமிடத்தைக் குறித்துக்கொள்ளும் மாணவனுக்கு அவ்விழப்பு நேராது.